பையில் கிடந்த நல்ல வாள்

ஐப்பசி 11, செவ்வாய்

சாயங்காலம் இவர் ஃபோனில் விளையாடும்போது வாள் உடைந்துவிட்டது. அந்த விளையாட்டில் ஆயுதம் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பக் கிடைக்காது. பையில் இதைவிட நல்ல வாள் ஒன்று மாசக்கணக்கில் கிடக்கிறது. அதை எடுக்காமலே ராட்சசனிடம் செத்துப்போனார்.

“அத எடுத்திருக்கலாம்ல?” என்றேன்.

“ஒடைஞ்சா வராதுன்னா எவன்தான் நல்லத எடுப்பான்? பத்திரமாத்தான் வெப்பான். ஒடையாத மாதிரி செஞ்சிருக்கணும்.”

“ஒடையாதுன்னா அப்பறம் பயமே இல்லாம என்ன வெளையாட்டு?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர் ஓட்டும் ஜீப்பின் முன்டயர் தேய்ந்து கம்பி தெரிகிறது. புது டயர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, சுற்றிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை. கேட்டால், “மழையில கல்லெல்லாம் பேந்து கெடக்கு. புதுசப் போட்டா கிழிச்சுப்புடும். மழ முடியட்டும்” என்கிறார்.

போடிமெட்டு மலைப்பக்கம் மின்னல் நிற்கவில்லை. இவர் நன்றாகத் தூங்குகிறார். விடிந்ததும் அந்த மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர் ஜீப்பில் ஏறுவார்கள். நாளைக்கு என் தங்கச்சியும் போகிறாள்.

புது டயர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததிலிருந்து என் கால் அதில் இடித்துக்கொண்டே இருக்கிறது.