இருபது வாட்

கலும்பிட், புலக்கான்
14 செப்டம்பர் 1980

அன்புள்ள செல்மோ,

உன் கடிதமும் அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கான சாமான் பட்டியலும் வந்து சேர்ந்தன. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் தம்மாம் வெயிலைப் பற்றித்தான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. எனக்குக் கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. கால் வலிக்குக் காரணம் உன் பட்டியல்.

வெள்ளிக்கிழமை மணிலா போனேன். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனது என் புத்திகெட்ட வேலை. கியாப்போ கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் ராவோன் தெருவில்தான் நிற்கிறது. முதல் மூன்று கடைகளில் பெண்பிள்ளை என்று பார்த்ததும் டேப் ரெக்கார்டரை எடுத்துக் காட்டினார்கள். நாலாவது கடையில்தான் ஒருவர் பட்டியலை முழுதாகப் படித்தார். பெயர் சிசோ. கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "யாரு மிசிஸ் எழுதுனது இது?" என்றார்.

"வீட்டுக்காரரு. சவூதில கரண்டு வேலை பாக்கறாரு."

"சவூதியா? அப்புறம் ஏன் இருபது வாட்டோட நிறுத்திட்டாரு? அங்கேருந்து வர்றவங்க எல்லாம் கூரை பிச்சுக்கற மாதிரிதானே கேப்பாங்க!"

"எங்க கூரை ஏற்கெனவே பிச்சுக்கிட்டுதான் இருக்கு. இருபது போதும்."

சிரித்துவிட்டு, தொப்பி மாதிரி இருக்கும் அந்த இரும்பு டிரான்சிஸ்டர் நாலை எடுத்து வைத்தார். போலிச் சரக்கில் எழுத்து அழியும் என்று நீ எழுதியிருந்தாயே, கையோடு கொண்டுபோயிருந்த நகச்சாயம் அழிக்கும் தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். இரண்டில் எண் அழிந்தே போய்விட்டது. "அட, நகத்துக்குப் போடறதைப் போய் என் சரக்குல போடறீங்களே!" என்று கத்தினார். ஆனால் உள்ளே போய் வேறு இரண்டு கொண்டுவந்தார். அவற்றில் எழுத்து அப்படியே நின்றது. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் சுற்றிக் கொடுக்க இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.

புனித வாரத்தில் நம் வீட்டில் ஏசுவின் பாடுகளைப் பாட இனி வாடகை ஒலிபெருக்கி வேண்டாம், உன் அப்பா வைத்த நேர்த்தியை நம் வீட்டுப் பெட்டியிலேயே பாடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் ஒப்பந்தம் ஏப்ரல் முதல் வாரம் முடிகிறது. புனித வாரம் பன்னிரண்டாம் தேதி தொடங்குகிறது. நான் நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன்.

உன் மினியா

தம்மாம்
11 அக்டோபர் 1980

என் மினியா,

நகச்சாயக் கதையை அறையில் உரக்கப் படித்தேன். எட்டுப் பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள். இப்போது அவர்கள் எல்லோரும் உன்னை "எஞ்சினியரம்மா" என்றுதான் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. எல்லாவற்றையும் பொருத்து, பற்றவை, ஆனால் நான் வரும்வரை மின்சாரம் கொடுக்காதே. முதல் தடவை நேராகக் கொடுக்கவும் கூடாது. ஒரு நூறு வாட் பல்பைத் தொடரில் போட்டு, அதன் வழியாகத்தான் கொடுக்கவேண்டும். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் பெட்டி நலம். மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ தப்பு. அதுவரை ஸ்பீக்கரையும் மாட்டக்கூடாது. அந்த முதல் தடவை என் கையால் நடக்கவேண்டும் என்று ஆசை.

இன்னொரு சேதி. பக்கத்துக் கட்டில் தோனிங் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா செல்மோ, இருபது வாட்டா? அதுக்கு ஒரு கொசு கூட ஆடாதுடா!" என்கிறான். யோசித்தால் அவன் சொல்வதும் சரிதான். ஆற்றங்கரை வரை கேட்க நாற்பதாவது வேண்டும். புதுப் பட்டியல் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் மாறும். பெரிய மின்தேக்கிகளும் மாறும்.

ஃபோர்மன் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கலாம்.

உன் செல்மோ

கலும்பிட்
4 ஜனவரி 1981

அன்புள்ள செல்மோ,

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஒன்பது விடியற்காலைப் பூசைக்கும் தவறாமல் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லவில்லை.

உன் பழைய டிரான்ஸ்ஃபார்மர் தயாராகிவிட்டிருந்தது. வேண்டாம், பெரியது வேண்டும் என்றதும் சிசோ அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "மிசிஸ், சுத்துன கம்பியை நான் பிரிச்சு மாலையாவா போட்டுக்கறது?" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது கட்டிலுக்கடியில் ஒன்று, மேசைமேல் ஒன்று.

பற்றவைக்கப் பழகுகிறேன். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதே கம்பிக் கால்களைப் பத்துத் தடவை கழற்றி, பத்துத் தடவை ஒட்டினேன். முதலில் ஈயம் கோழி எச்சம் மாதிரி விழுந்தது. இப்போது பளபளப்பாக நிற்கிறது. மின்தடையின் வண்ணக் கோடுகளைப் பட்டியல் பார்க்காமலே படிக்கிறேன். ஜெபமாலை சொல்வதுபோல் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று முணுமுணுக்கிறேனாம். உன் அக்கா திர்சாதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நீ "பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஃபோர்மனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வரி எழுது.

உன் மினியா

தம்மாம்
8 மார்ச் 1981

என் மினியா,

கோபப்படாதே. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லோரும் போட்டார்கள். நான் மட்டும் போடாமல் வந்தால் தோற்றுப்போய் வந்தவன் என்று பேசுவார்கள்.

ஒரு வருஷம் கூடக் கிடைத்ததை வீணாக்கவேண்டாம். இந்த நேரத்தில் பெட்டியைச் சரியாகத் திட்டமிடலாம். அறையில் எல்லோரும் சேர்ந்து புது வரைபடம் போட்டோம். நூறு வாட். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு டிரான்சிஸ்டர், பின்னால் காற்றாடி. தோனிங் என் தோளைத் தட்டி, "இதைக் கட்டி முடிச்சன்னா உங்க ஊர்ல உன்னை மேயராக்கிடுவாங்கடா" என்றான். நாற்பது வாட் சாமான்களைச் சிசோவிடமே மாற்றிக்கொள். அவசரம் ஒன்றுமில்லை. நான் இல்லாமல் எதையும் பொருத்திவிடாதே.

உன் செல்மோ

கலும்பிட்
2 மே 1981

செல்மோ,

பாடுகள் பாடி முடித்தோம், வாடகை ஒலிபெருக்கியில்தான். மூன்றாம் நாள் அது கரகரவென்று இருமத் தொடங்கியது. திர்சா அக்கா எல்லோர் முன்னாலும், "தம்பி வந்து செய்வான்னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டா இவ" என்றாள். நான் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

இன்று உன் மூன்று பட்டியலையும் மேசையில் வரிசையாக வைத்தேன். இருபது வாட் எழுதியபோது ஏப்ரலில் வருவதாக இருந்தாய். நாற்பது எழுதியபோது பார்க்கலாம் என்றாய். நூறு எழுதியபோது அடுத்த வருஷம் என்றாய். இருநூறு வாட் ஆகும்போது உன்னை நான் எந்த வயதில் பார்ப்பேன்?

எனக்குச் சலித்துவிட்டது செல்மோ. கோபம் இருந்தால்கூட நன்றாயிருக்கும். பஸ்ஸில் போவதும், மாற்றுவதும், திரும்பி வருவதும், உன் கடிதத்துக்குக் காத்திருப்பதும்தான் நம் குடித்தனம் என்று ஆகிவிட்டது. நூறு வாட் சாமான் எதையும் நான் வாங்கவில்லை.

மினியா

தம்மாம்
20 நவம்பர் 1981

என் மினியா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஊருக்கு வரும் தோனிங்கிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். டிரான்சிஸ்டர்களைக் குளிரவைக்கும் அலுமினியத் தகடுகள், நல்ல ஜெர்மன் சரக்கு. ராவோனில் கிடைக்காது. இவற்றை வைத்து நூற்றைம்பது வரை போகலாம். எனக்கு மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அது இரண்டு வருஷ ஒப்பந்தம். உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். மார்ச் மாதத்துக்குள் சொல்லவேண்டும்.

நீ சம்மதம் என்று மட்டும் எழுது.

உன் செல்மோ

கலும்பிட்
28 பிப்ரவரி 1982

செல்மோ,

தோனிங் வந்து பெட்டியைக் கொடுத்தார். நல்ல மனிதர். உன்னைப்பற்றிக் கேட்டேன். "அக்கா, அவன் நாள் பூரா வரைஞ்சுக்கிட்டே இருப்பான். வெள்ளிக்கிழமை லீவுலயும் வரைஞ்சுக்கிட்டுதான் இருப்பான்" என்றார். சாப்பிட்டுப் போகச் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

உன் தகடுகளைப் பிரிக்கவில்லை. நீ முதலில் அனுப்பிய இருபது வாட் பட்டியலை எடுத்தேன். அதற்கு வேண்டிய எல்லாம் வீட்டிலேயே இருந்தது. பெட்டிக்குத் தகரத்தை மட்டும் ஜீப்னி வண்டி கட்டும் பட்டறையில் மடித்து வாங்கினேன். அங்கேயே மிச்சமாகக் கிடந்த அலுமினியப் பட்டையில் துளை போட்டு, டிரான்சிஸ்டர்களை முறுக்கினேன். பதினேழு நாளில் கட்டி முடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. திர்சா அக்கா துடைப்பக்கட்டையோடு பக்கத்தில் நின்றாள், ஷாக் அடித்தால் என்னைத் தள்ளிவிடுவதற்காம். பல்பு முழுசாக எரிந்தது. மங்கவே இல்லை. "அணைடி! அணைடி! வீட்டையும் சேத்துக் கொளுத்திடாதே!" என்று கத்தினாள். பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு நாள் ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தேன். எங்கும் தப்பில்லை. அழுகை வந்தது, அழுதேன். பிறகு பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிசோ அண்ணன் ஒரே பார்வைதான் பார்த்தார்.

"மைக்கா எங்க மிசிஸ்?"

"எந்த மைக்கா?"

"டிரான்சிஸ்டரை அப்படியே பட்டையில முறுக்கி வச்சிருக்கீங்களே! அதோட உடம்பு முழுக்கக் கரண்டு. நடுவுல மைக்காத் தாள் இல்லாம எவனாவது வைப்பானா?"

"பட்டியல்ல இல்லையே அண்ணே."

பட்டியலை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க வீட்டுக்காரரு இதுக்கு முன்னாடி ஒண்ணாவது செஞ்சிருக்காரா?" என்று கேட்டார்.

"பத்து செஞ்சிருக்காரு" என்றேன். உனக்காகத்தான் அந்தப் பொய். நல்லவேளையாக டிரான்சிஸ்டர் எதுவும் போகவில்லை, உன் பல்பு காப்பாற்றியது. மைக்காத் தாளும் தடவும் பசையும் கொடுத்தார். அங்கேயே அவர் மேசையில் கழற்றி மாட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. கடையில் கிடந்த ஸ்பீக்கரை மாட்டி, டேப்பைப் போட்டார். ஒரு பெண் பாடினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

இப்போது சொல், செல்மோ. நீ ஒன்றாவது செய்திருக்கிறாயா?

மினியா

தம்மாம்
25 மார்ச் 1982

மினியா,

இல்லை. ஒன்றுகூடச் செய்ததில்லை.

ஒலங்காப்போவில், அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் கம்பி இழுக்கும் வேலை பார்த்தபோது, அமெரிக்கக்காரர் ஒருவர் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். உன்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். பிறகு இந்த அறையிலும் சொல்லிவிட்டேன். ஊருக்கு வந்து, எல்லோரும் சுற்றி நிற்க, நான் சுவிட்சைப் போட்டு, அது ஊமையாக நின்றால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். பயமாக இருக்கும். உடனே இன்னொரு வரைபடம் போடுவேன். வரைபடத்தில் எதுவும் எரிந்துபோவதில்லை.

பெட்டியைப் பற்றி மட்டுமல்ல. கையை வீசிக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்க வெட்கம்.

இப்போது நீயே முடித்துவிட்டாய். நான் செய்யவேண்டியது என்று இருந்த ஒரே வேலையும் இப்போது இல்லை. உண்மையாகவே கேட்கிறேன், கோபத்தில் அல்ல. இனி நான் எதற்கு வரவேண்டும்? மேற்பார்வையாளர் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மே கடைசி வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

செல்மோ

கலும்பிட்
18 ஏப்ரல் 1982

செல்மோ,

புனித வாரம் முடிந்தது. திங்கள் தொடங்கிப் புனித வியாழன் வரை நம் வீட்டில் பாடினார்கள். இருபது வாட்டே ஆற்றங்கரை வரை கேட்டது. தொண்டை கட்டியவர்களுக்கு இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். திர்சா அக்கா வருகிறவர்களையெல்லாம் பிடித்து, "என் தம்பி பொண்டாட்டி கட்டுனது" என்று காட்டினாள். அப்போது நீ இங்கே இருந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

உன் கேள்வியைச் சில நாள் வைத்திருந்தேன். பயந்தேன் என்று நீ எழுதியதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். பல்பு எரிந்த அன்று நான் தனியாகப் பயந்தேன்.

எதற்கு வரவேண்டும் என்று கேட்கிறாய். யோசித்துப் பார்த்தேன். இங்கே நீ வந்து செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. பழுதானால் நானே திறந்து பார்ப்பேன். நீ எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, யாருக்கும் எதையும் காட்டவேண்டியதில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டது ஒரு மனிதனை. ஒரு வேலையும் இல்லாத வீட்டுக்குச் சும்மா வர உன்னால் முடியுமா என்பதை நான் சொல்லமுடியாது. சம்மதம் என்று எழுதச் சொன்னாய், எழுதமாட்டேன். வேண்டாம் என்றும் எழுதமாட்டேன். இந்த ஒரு கையெழுத்தை நீயாகவே போடு, அல்லது போடாதே.

இனி மாதம் எதையும் குறித்து எழுதாதே. நான் நாட்காட்டி பார்ப்பதை விட்டுவிட்டேன். விமானச் சீட்டு உன் கைக்கு வந்தபிறகு தந்தி கொடு. தந்தி வந்தால் அன்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவேன். வராவிட்டால், நான் வடிக்கிற சோறு எனக்குப் போதும்.

ஹெர்மினியா