ஒரு பெட்டி கூடுதல்

தம்போய்
3 மார்ச் 2025

அன்புள்ள லோஷினிக்கு,

செனாய் தொழிற்சாலை ஸ்டோரின் தூணாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீ வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. அதை எண்ணுவது நானில்லை, உன் அத்தை. என் எழுத்தழகு போனில் எடுபடாது என்பதால், தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி நீ இருக்கும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ராஜசேகரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பெனியில் எங்களுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித் தருகிறார்கள். 28ஆம் தேதி தேர்வு. தேறாத ஸ்டோர்காரர்களை ஏப்ரலோடு நிறுத்திவிடுவார்களாம். எனக்கென்ன பயம்? செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டடி மலைப்பாம்பை வெறுங்கையால் பிடித்தவன். இது பெயரில்தானே பாம்பு!

ஃபங்ஷன் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை மோட்டார் என்று உள்ளே கொடுத்தால், எத்தனை பெட்டி வேண்டும் என்று அது திருப்பித் தர வேண்டும். பெட்டிக்கு இருபது. நான் எழுதியது: இருபதால் வகு, மீதியை விடு, ஒன்று கூட்டு. ஏன் ஒன்று? கோயில் பந்தியில் எண்ணிய ஆளுக்கு மேல் ஓர் இலை போடுவோமே, அந்த மரியாதைதான். 250 கொடுத்தேன், 13 என்றது. சரியான விடை! வாத்தியார் என் நோட்டை வாங்கிக் காப்பி எடுத்துக்கொண்டார்.

தேர்வன்று கேள்வியைப் படமெடுத்து அனுப்புவேன். விடையை உடனே போட்டுவிடு. தெரியாமல் இல்லை, நேரம் மிச்சம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் லெட்சுமணன்


உட்லண்ட்ஸ்
7 மார்ச் 2025

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாம்பு போன வருஷம் பன்னிரண்டடியாக இருந்தது.

விடை அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எழுதித் தந்தால் மே மாதம் அந்த ஸ்டோரில் யார் எழுதுவது?

உங்கள் ஃபங்ஷனில் 240 கொடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பெட்டி போதும். உங்களுடையது பதின்மூன்று கேட்கும். மீதி இருந்தால் மட்டும்தான் ஒன்று கூட்ட வேண்டும். 250க்கு மீதி பத்து இருந்ததால் தப்பித்தீர்கள். எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள், சொல்லித் தருகிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லோஷினி


தம்போய்
30 மார்ச் 2025

அன்புள்ள லோஷினிக்கு,

நீ உதவாவிட்டாலும் தேர்வு முடிந்தது. முதல் ஆளாக எழுதி முடித்தேன். தேர்வு நடத்திய மலாய்க்கார அம்மா எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்களுக்கு இனி நான்தான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். "எனக்கு நேரம் இல்லை லா" என்று சொல்லிவிட்டேன்.

படம் அனுப்பியது சும்மா உன்னைச் சோதிக்கத்தான்.

இப்படிக்கு,
மாஸ்டர் லெட்சுமணன்


உட்லண்ட்ஸ்
4 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

அத்தை போன் செய்தார். "உங்க மாமா தேறலன்னு கம்பெனி லெட்டர் வந்திருச்சு. எங்கிட்ட காட்டல, டிராயர்ல துணிக்கு அடியில இருந்துச்சு. நான் சொன்னேன்னு சொல்லிறாத" என்றார். சொல்லிவிட்டேன்.

உங்கள் படம் அன்று 10.14க்கு வந்தது. போன் கையில்தான் இருந்தது. பார்த்தேன். வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் இனி எனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

லோஷினி


தம்போய்
9 ஏப்ரல் 2025

லோஷினிக்கு,

இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். அவற்றில் அந்த அம்மா கைதட்டிக்கொண்டே இருந்தார்.

யாரும் எழுந்து நிற்கவில்லை. தேர்விலும் அதே பெட்டிக் கணக்குதான். 240 கொடுத்தார்கள், 13 வந்தது. "பாக்சிக், இந்தக் காலிப் பெட்டி யாருக்கு?" என்று அந்த அம்மா மலாயில், மாமா முறை வைத்துக் கேட்டார். பந்தி, இலை என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நீ படத்துக்குப் பதில் போடவில்லை என்று ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். அத்தையைக் கேள், சொல்வாள்.

22ஆம் தேதி இன்னொரு முறை எழுத விடுகிறார்கள். அதோடு கடைசி.

மீதி இருந்தால் மட்டும் கூட்டச் சொன்னாய். மீதி இருக்கிறதா என்று அதனிடம் எப்படிக் கேட்பது? வகுப்பில் சொன்னார்கள். தலையாட்டினேன். எனக்குத் தெரியவில்லை.

மாமா