கலங்கரை விளக்கம் இருந்த வளைவு

பெரியவனின் அம்மாவுக்கு,

சௌக்கியம். நம் பெரியவன் காரை நிதானமாகத்தான் ஓட்டுகிறான். நீ சொன்னபடி என் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு நம்மைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவான் என்று பயந்தாயே.

கடலோரச் சாலை முழுக்க என் மீன் லாரி தேய்த்ததுதான். ஐஸ் ஃபாக்டரி இரைச்சல் கேட்டதும் துறைமுக ஊர் என்றேன். பாலம் தடதடத்ததும் ஆறு கடலில் சேருமிடம் என்றேன். "கில்லாடிப்பா நீங்க! போர்டு படிக்கிற எனக்கே தெரியல" என்றான்.

நேற்று மதியம் ஒரு வளைவில் நிறுத்தினான். என் வாய் சும்மா இருக்குமா? "கலங்கரை விளக்கத்துக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க, பளபளன்னு இருக்கு பாரு" என்றேன்.

அதைப் போன வருஷமே இடித்துவிட்டார்களாம்.

அவன் என் கையைப் பிடித்து மணலில் இறக்கினான். "கடல் இன்னைக்குப் பச்சையா இருக்குப்பா. கரையில ஒரு படகு. அதுக்குள்ள நாய் ஒண்ணு உங்களை மாதிரியே முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது யாரென்று கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பூட்டு விஷயம் வந்தபோது பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. இப்போது, "சாவி அம்மாகிட்டயே இருக்கட்டும்னு எழுதட்டுமாப்பா?" என்கிறான்.

எழுதச் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்