மன்னர் அடித்த பந்து திரும்பி வந்த வரலாறு

திரு வளர்க. கூழையாற்றின் மேல்கரையை ஆளும் வெண்மலை நாட்டரசி நல்லினி மாதேவியாரின் திருவடிகளுக்கு, கீழ்க்கரையாம் செங்கரை நாட்டின் காவலர், எதிரிலாப் பந்தாடி, மானவேல் திருக்கண்டரின் ஆணையால் முதலமைச்சர் காரிநம்பி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் நலமுற்று இருக்க. களஞ்சியம் குறைவின்றி இருக்க.

வரும் பௌர்ணமியன்று இரு நாட்டு அரசரும் தங்கள் மேல்கரையில் வலைக்கு இருபுறமும் நின்று பந்தாட வேண்டுமென்பதும், வென்றவர் நாட்டுக்கே கோடை முழுதும் மதகின் முதல் நீர் என்பதும் முன்னோர் வகுத்த முறை. சென்ற கோடையில் அந்நீர் தங்களுடையதாயிற்று. வெடித்துக் கிடந்த எங்கள் வயல்களில் பெரும்பாலானவை காரிநம்பி பிறந்த ஊரைச் சேர்ந்தவை என்பதும், அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்பதும் அரசியல் காரணங்களால் இங்கே விரித்துரைக்கப்படவில்லை.

தோல்விக்கு மட்டையே காரணம் என்று மன்னர் தீர்த்தருளினார். எனவே, திருவிழாவில் விற்காமல் தேங்கிய மட்டைகளைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்ன வணிகன் ஒருவன் அரண்மனைக்கு அழைக்கப்பட்டான். ஒரு மட்டை தலை கனத்தது. அதில் வேகம் உண்டு, குறி இல்லை. ஒன்று இலேசானது, பந்து சொன்ன இடத்துக்குப் போகும், ஆனால் காய்ச்சலில் எழுந்தவன் நடப்பதுபோலப் போகும். மூன்றாவதில் இரண்டும் அளவோடு அமைந்திருந்தன. சாயம் போயிருந்ததால் அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மன்னர் அடித்த பந்தைத் திருப்பி அடிப்பது எங்கள் அவையில் மரபன்று. எதிரே நிற்பவர் குனிந்து வழிவிட வேண்டும். ஆகவே கனத்த மட்டையால் அடித்த பந்து மதிலைத் தாண்டிக் கடைத்தெருவில் விழுந்தபோது அவை அதை வீரம் என்றது. இலேசான மட்டையால் அடித்த பந்து வலைக்கு இப்பாலேயே படுத்துக்கொண்டபோது கருணை என்றது. எதை எடுத்தாலும் வெற்றியே என்றான பின், மிகுந்த ஓசை எழுப்பிய கனத்த மட்டையையே வாங்குவதென மன்னர் திருவுளம் கொண்டார்.

களஞ்சியச் சுவரோடு நாள்தோறும் பந்தாடிப் பழகியவர் காரிநம்பி. அரச மரியாதை அறியாத அச்சுவர் அடித்ததையெல்லாம் திருப்பித் தந்துவிடும். சாயம் போன மட்டையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். மன்னரின் பந்து வந்தது. அமைச்சர் குனியவில்லை. திரும்பிச் சென்ற பந்து அரசரின் காதை உரசினாற்போல் பறந்து, கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அவையோர் கண்களை மூடிக்கொண்டனர். பந்துக்கு ஏதேனும் நோயோ என்று மருத்துவரிடம் காட்டும்படி மன்னர் பணித்தார்.

பின்னர் அவர் அருளிய தீர்ப்பாவது: திரும்பி வந்தது மட்டையின் குணமே ஆகையால் அம்மட்டை வாங்கப்படும், அந்நேரம் முதல் அரசரின் வலத்தோளில் பெயர் தெரியாத நோவு ஒன்று கண்டிருப்பதால் அவருக்குப் பதிலாகக் காரிநம்பியே ஆடுவார், வென்றால் வெற்றி மன்னருடையது, தோற்றால் தோல்வி அமைச்சருடையது, அவர் ஆற்றைக் கடந்து ஊர் திரும்ப வேண்டியதில்லை.

இத்தகைய ஓலைகளை வாசித்துப் பார்க்கும் தொல்லையை மன்னருக்கு நாங்கள் ஒருபோதும் கொடுப்பதில்லை. மன்னரின் மீன்கொடி இலச்சினை மேலே இடப்பட்டது. அதற்குக் கீழே உள்ளவை அமைச்சரின் சொற்கள்.

மாதேவியார், எதிரே நிற்கும் காரிநம்பி வயதில் பெரியவர் என்று இரங்கி மெல்ல அடிக்க வேண்டா. அவர் எந்தப் பந்துக்கும் வழிவிடப் போவதில்லை. பௌர்ணமியன்று மதகின் திறவுகோலை ஆடுகளத்துக்கே கொண்டுவரச் செய்க. இது ஆணை, மன்னருடையது அன்று, காரிநம்பியுடையது.