புளி உடைக்கும் களத்தில் என் வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் இருமல் குறைந்ததா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஜவ்வாது மலையில் என் வேலை தொடங்கிவிட்டது. அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு. முதல் நாள் ஒருவர்கூட வரவில்லை. மறுநாள் கதைப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் புளி உடைக்கும் களத்துக்கே போய் உட்கார்ந்தேன். நானும் உடைத்தேன், விரலில் சின்ன அடிதான், ஆறிவிட்டது.

அங்கே புளி உடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலை அக்காவின் மகள் அன்பரசி ஒரு கதையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அக்கா எட்டிப் பார்த்து, "அது இன்னா எழுத்துடி?" என்றார்.

"பா. உன் பேரு இதுலதாம்மா ஆரம்பிக்குது."

அக்கா மண்ணில் விரலால் அதை எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "மீதியும் சொல்லு. முழுசா எழுதாம நான் வூட்டுக்குப் போவமாட்டேன்" என்றார். எழுதியும் விட்டார், அம்மா. எனக்குக் கை தட்டத் தோன்றியது, கையெல்லாம் புளி.

ஸ்வெட்டர் அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய துப்பட்டா ஒன்றையும் வையுங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வாசலில் பேச்சுச் சத்தம். "டீச்சர், இன்னா பண்றீங்க? நாங்க எல்லாரும் வந்துட்டோம்" என்று பாஞ்சாலை அக்கா கூப்பிடுகிறார். ஓடுகிறேன்.

உங்கள் மகள்
அதீபா