பூஜையில் வைத்த தங்கப் படலம்

கள்ளிக்குப்பம்
12.10.2024

அன்புள்ள சபீனா,

பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நீ அனுப்பிய கண்ணாடியில் உன் ஆய்வுக்கூடத்துக்காகப் பூசிய தங்கப் படலத்தை இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். நேற்று எங்கள் திருமழிசைக் கம்பெனியில் ஆயுத பூஜை. உன் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்தேன். நல்ல முடிவு வந்தால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். பொரி அனுப்பவில்லை என்று முறைக்காதே.

உன் தாட்சு

பெங்களூர்
18.10.2024

தாட்சு,

மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அனுப்பிய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத தூண்கள் இருந்தன. தங்கம் பூசிய பிறகு அவற்றைக் கழுவி எடுத்தால்தான் அந்த இடங்களில் ஓட்டை விழும். நீ கழுவவே இல்லை. ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு தங்கத் தொப்பி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதில் வெளிச்சம் எப்படிப் போகும்? என் ஆராய்ச்சி கைடு முன்னால் தலைகுனிந்து நின்றேன். ஆத்திரத்தில் உங்கள் முதலாளி லோகநாதன் சாருக்கே எழுதிவிட்டேன்.

சபீனா

கள்ளிக்குப்பம்
20.10.2024

அன்புள்ள சபீனா,

தப்பு என்னுடையதுதான். கழுவுவதற்கு முன்பே பூஜையில் வைத்துவிட்டேன். பூஜை போட்டால் மறுநாள் வரை எதையும் தொடமாட்டோம், உனக்குத் தெரியாததா? காலையில் கூரியர்காரர் அவசரப்படுத்தினார். பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். சார் உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். "நாளைலேந்து வேலைக்கு வராதம்மா" என்றார்.

தாட்சு

பெங்களூர்
29.10.2024

என் தங்கமே தாட்சு,

நீ நம்பமாட்டாய். தூக்கிப் போடும் முன் சும்மா லேசர் அடித்துப் பார்த்தேன். திறந்த ஓட்டைகள் உள்ள பழைய படலத்தைவிட, அடைபட்ட உன் படலத்தில் வெளிச்சம் அதிகமாக வருகிறது! கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றில் அளந்தேன். அதேதான். தொப்பி வெளிச்சத்தைத் தடுக்கவில்லை, பிடித்து இழுத்து ஓட்டைக்குள் தள்ளுகிறது என்கிறார் கைடு. சாருக்கு எழுதிவிட்டேன், உன்னைக் கூப்பிடுவார். இதேபோல் கழுவாமல் இன்னும் சில செய்து தா.

உன் சபீனா

கள்ளிக்குப்பம்
4.11.2024

சபீனாவுக்கு,

சார் கூப்பிட்டார். நான் போகவில்லை. அம்பத்தூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. அடைத்த ஓட்டையில் அதிக வெளிச்சம் என்று படித்ததும் எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. உனக்காகச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு சார் படிக்கப் படிக்க, கல்லூரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் எழுதியதா இது என்று விறைத்துப்போய் நின்றேன். அந்தப் படலத்தைத் தூக்கிப் போடும் முன் ஒரு தடவை சோதித்துப் பார்க்க உனக்குத் தோன்றியிருக்கிறது. சாருக்கு எழுதும் முன் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்க உனக்குத் தோன்றவில்லை.

தாட்சாயிணி