கடற்கரையில் அரை மணி நேரம்

மாசி 9, செவ்வாய்.

இன்றும் கடலூரில் வேலை முடிந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறினேன். நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் அது. "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன்தான். தினமும் காத்தாட நடங்க, கொஞ்ச நேரம் தனியா இருங்க" என்றார். அன்று என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

இன்று நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்கிறார்: "அக்கா வீட்டு மாமா போன் பண்ணாரு. பீச்சுல உக்காந்திருந்தியாமே, யாரு கூட?"

"தனியாத்தான். டாக்டர் சொன்னாரு இல்ல?"

"நடக்கத்தான சொன்னாரு? உக்காரவா சொன்னாரு?"

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நாலு பேரு பாக்குற எடம் எதுக்கு? இனிமே மொட்ட மாடியிலயே நட" என்று முடித்துவிட்டார்.

சரியென்று சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்குக் கிளம்பினேன். "போறதுதான் போற, காயிற துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடு" என்றார். எடுத்து வந்து மடித்து வைத்தேன். நடக்கவில்லை.

இப்போது மறுபடியும் படபடக்கிறது. தூங்குகிறவரை எழுப்பிச் சொன்னால் விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். எத்தனை மாத்திரை எழுதினாலும் முகம் சுளிக்காமல் வாங்கித் தருவார். பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் பார் என்று தெருவே மெச்சும்.